2 டெராபைட் பென் டிரைவ் 899 ரூபாய்க்குக் கிடைக்கிறதா? வாங்கிவிடாதீர்கள்

அப்பா இந்த மாசியில் தவறிவிட்டார். பதினாறாம் நாளுக்குள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும். 2014இல் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துவைத்தபோது எடுத்த படம்தான் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். கலச நீர் தலையில் சொட்டச் சொட்ட, மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருப்பார். “எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கும்மா” என்றேன்.

பென் டிரைவைச் சொருகி ‘2014 திருக்கடையூர்’ ஃபோல்டரைத் திறந்தேன். 412 படங்கள். முதல் ஒன்பதும் சரியாக வந்தன: கோபுரம், யானை, வரிசையாக அடுக்கிய கலசங்கள். பத்தாவது படத்தில் மேல் கால்வாசிதான் வந்தது. மாவிலைத் தோரணம், அப்பாவின் நெற்றி, விபூதிப் பட்டை, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பதினொன்றாவது படத்திலிருந்து எதுவுமே திறக்கவில்லை. அந்த ஃபோல்டர் மட்டுமில்லை, அதற்குப் பிறகு வந்த பத்து வருடமும் அப்படித்தான். மகள் பிறந்தது, பாட்டியின் கடைசிப் பொங்கல், எல்லாம் அதில் போயின.

அந்தப் பென் டிரைவை ஏழு மாதத்துக்கு முன்பு ஆன்லைனில் வாங்கினேன். 2 டெராபைட், 899 ரூபாய். பெயர் பெற்ற கம்பெனியின் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கே பல ஆயிரம் ரூபாய் விற்கிறது. அந்த விலையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கணினியில் சொருகியதும் கிட்டத்தட்ட 2 டிபி என்றே காட்டியது. பழைய லேப்டாப்பிலிருந்த 190 ஜிபியையும் இரண்டு இரவு ஓடவிட்டு ஏற்றினேன். ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. பெயர்களையும் மொத்த அளவையும் ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. ஆரம்பத்தில் நாலைந்து படங்களைத் திறந்தும் பார்த்தேன். அதை நம்பி லேப்டாப்பை ஃபார்மட் செய்து தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. உள்ளே இருப்பது சின்ன மெமரி சிப். அதை இயக்கும் கன்ட்ரோலரின் மென்பொருளை மாற்றி, கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்ல வைக்கிறார்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் டிரைவின் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால் பெயரும் அளவும் அப்படியே தெரியும். சிப் நிறைந்த பிறகு அனுப்பும் படங்களோ எங்கேயும் எழுதப்படுவதில்லை. சில டிரைவ்கள் இன்னும் மோசம், பழைய படங்களின் மேலேயே புதியதை எழுதிவிடும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை வைத்துச் சோதித்ததில் என்னுடையதன் உண்மையான கொள்ளளவு 58 ஜிபி என்று வந்தது.

வாங்கிய தளத்தில் புகார் செய்தேன். ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். விற்றவரின் பக்கமே இப்போது இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறேன். பணம் வந்தாலும் வராவிட்டாலும் புகார் பதிவாகட்டும்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அழுதுகொண்டே ஒரு டேட்டா ரெக்கவரி கடைக்குப் போனேன். “எல்லாம் எடுத்துடலாம் மேடம்” என்று 4,500 ரூபாய் முன்பணம் வாங்கினார். நான்கு நாள் கழித்து ஆயிரக்கணக்கான படங்களைப் பெயர் மாற்றிக் கொடுத்தார். வீட்டில் வந்து பார்த்தால், எல்லாமே ஏற்கெனவே திறந்துகொண்டிருந்த 2013 வரையிலான படங்கள்! அழிந்ததை மீட்க வழி உண்டு. எழுதப்படவே இல்லாததை யாராலும் மீட்க முடியாது. அந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. எந்தக் கடையானாலும் பணம் கொடுப்பதற்கு முன்பு, எந்தெந்தக் கோப்புகள் கிடைக்கும் என்று பட்டியலும், திறக்காத படங்களில் இரண்டையாவது திறந்தும் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்டுடியோக்காரர் அவ்வளவு பழைய படங்களை வைத்திருக்கவில்லை. கடைசியில் கோவையிலிருக்கும் தங்கை, அன்று வாட்ஸப்பில் வந்த ஒரு படத்தைத் தேடி அனுப்பினாள். வாட்ஸப் சுருக்கிய படம் என்பதால் பெரிதாக்கியதும் முகம் மங்கலாகிவிட்டது. அதைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

அப்பாவின் போனில் இருந்த கூகுள் கணக்கில் கொஞ்சம் படங்கள் கிடைத்தன. இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கணக்குகளுக்கும் இது பொருந்தும். அந்தப் படங்களை இறக்கி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன். ஒன்று என்னிடம், இன்னொன்று தங்கை வீட்டில்.

இப்படி மலிவு விலையில் டிரைவ் வாங்கியவர்கள் இன்றைக்கே சொருகி, கடைசியாக ஏற்றிய ஃபோல்டரில் பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். புதிதாக வாங்குபவர்கள், டிரைவ் காலியாக இருக்கும்போதே, ரிட்டர்ன் நாள் முடிவதற்குள், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் அல்லது மேக்கில் எஃப்3 கொண்டு முழுதாகச் சோதியுங்கள். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். அதுவரை பழைய போனிலும் லேப்டாப்பிலும் இருப்பதில் ஒரு படத்தைக்கூட அழிக்காதீர்கள்.