கோட்டையா, கோர்ட்டா?

தமிழக அரசின் தலைமை வழக்கறிஞர், சட்டத்துறைச் செயலாளர் இருவரும் அரசுக்குச் சட்டம் சொல்பவர்கள்தான். ஆனால் நாள் நகரும் விதம் வேறு.

தலைமை வழக்கறிஞரின் நாளை வழக்குப் பட்டியல் ஆள்கிறது. 10.30க்கு உயர் நீதிமன்றம் கூடும். ஒரே நேரத்தில் இரண்டு அமர்வுகளில் அவர் வழக்கு வந்தால், ஜூனியர் ஒருவர் எழுந்து "சற்று நேரம் கொடுங்கள்" என்று கேட்க வேண்டியதுதான். படிப்பதும் துறை அதிகாரிகளோடு பேசுவதும் பெரும்பாலும் மாலைக்கு மேல். நடுவில், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடுக்க ஒப்புதல் கேட்டு வரும் மனுக்கள் வேறு.

செயலாளருக்கு எஜமான் கோப்பு. பிற துறைகள் கருத்துக் கேட்டு அனுப்புவது, மசோதா வரைவு, விதித் திருத்தம். வாதம் இல்லை; ஆனால் ஒரு காற்புள்ளி தப்பினாலும் பின்னாளில் அது வழக்காகும்.

சட்டமன்றம் கூடினால் நிலைமை இன்னும் வேடிக்கை. அரசமைப்பின் 177ஆவது பிரிவுப்படி தலைமை வழக்கறிஞர் அவையில் பேசலாம், வாக்களிக்க முடியாது. செயலாளருக்கோ பேசும் உரிமையே இல்லை.

என்னைக் கேட்டால், கோட்டை நாற்காலிதான் கடினம். நீதிமன்றத்தில் வாய்தாவாவது கிடைக்கும்.