காமனஹள்ளி கடையில வாங்கின சம்பலும் ரெண்டங் பேஸ்ட்டும்

பெங்களூர்ல மலாய் சமையல் சாமான் கிடைக்கறதே அபூர்வம், காமனஹள்ளில ஒரு வீட்டு கீழ்த்தளத்துல சம்பல் (மிளகாய் விழுது), ரெண்டங் பேஸ்ட் (தேங்காப்பால்ல கறியை சுண்ட வெக்கற ரெண்டங்குக்கான மசாலா) ரெண்டும் அவங்களே செஞ்சு பவுச்ல விக்கிறாங்கன்னு அல்சூர் சித்தி சொன்னதும் போய் வாங்கிட்டேன். நான் மலேசியாவுல ஷா ஆலம்ல ஒரு மசாலா பேஸ்ட் ஃபேக்டரில வேலை பார்த்தவன், லைன்ல கூட நின்ன மலாய் அக்காங்ககிட்ட தான் இந்த சமையலே கத்துக்கிட்டேன், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

சம்பல் தூமிஸ், அதாவது வதக்கின சம்பல், பிரமாதம். பவுச்சை வெட்டினதுமே சிவப்பா எண்ணெய் பிரிஞ்சு நிக்குது. அங்க பெச்சா மின்யாக்னு சொல்வாங்க, காய்ஞ்ச மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, பெலாச்சான் (புளிக்க வெச்ச இறால் விழுது) எல்லாம் அரைச்சு சின்ன தீயில வதக்கிட்டே இருந்தா தண்ணி வத்தி எண்ணெய் தனியா வரும், அதுக்கு முன்னாடி இறக்கினா மிளகாயோட பச்சை வாடை போகவே போகாது. எங்க ஃபேக்டரில பெரிய ஸ்டீம் கெட்டில்ல வதக்கும்போது கூட டைமரை மட்டும் நம்பமாட்டாங்க, ஒரு அக்கா வந்து எண்ணெயைப் பார்த்து சரின்னு சொன்னா தான் இறக்கணும். இவங்களும் அப்படி பொறுமையா நின்னு செஞ்சிருக்காங்க, வாயில வெச்சதும் தெரியுது. ரம்பை இலை போட்ட தேங்காப்பால் சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரிக்கா, முட்டையோட நாசி லெமாக்கா சாப்பிட்டோம், வீட்ல எல்லாருக்கும் பிடிச்சுது.

ரெண்டங் பேஸ்ட்ல பேரரத்தையும் எலுமிச்சைப்புல்லும் தாராளம், ஆனா கெரிசிக் ரொம்ப கம்மி. தேங்காத்துருவலை எண்ணெய் விடாம பழுப்பா வறுத்து அதுவே எண்ணெய் கக்கற வரைக்கும் இடிக்கறது தான் கெரிசிக், ரெண்டங்குக்கு கெட்டியும் ருசியும் அதுல தான். நான் தனியா இடிச்சு மட்டன்ல சேர்த்தப்புறம் தான் சரியா வந்துது. நாகபஞ்சமி சமயத்துல மங்களூர் ஸ்டோர்ல மஞ்சள் இலை வரும், ஒண்ணு நறுக்கிப் போடுங்க, வாசனையே வேற.

இன்னொரு விஷயம், இதை அவங்ககிட்ட நேர்லயே சொல்லிட்டேன். ரெண்டங் பவுச்லயும் வெளியவே ஆறு மாசம் வெக்கலாம்னு போட்டிருக்கு. சூடா ஊத்தி சீல் பண்றதோட சரி, ரிட்டார்ட் (சீல் பண்ண பவுச்சை பிரஷர்ல வேக வெக்கறது) கிடையாதாம். பிஹெச் (புளிப்பைக் காட்டற அளவு, குறைய குறைய புளிப்பு ஜாஸ்தி) 4.6க்கு கீழ இருக்கற புளிப்பான அயிட்டத்துக்கு அது போதும், தேங்காப்பால் போட்டது அப்படி இல்ல. போட்டுலினம்னு உயிருக்கே ஆபத்தான விஷத்தை உண்டாக்கற கிருமியோட ஸ்போர் (விதை மாதிரி) கொதிக்கிற சூட்டுக்கு சாகாது, காத்து இல்லாத பவுச்ல வளரும், அதுக்கு தான் ஃபேக்டரில பிரஷர்ல 121 டிகிரி வரைக்கும் ஏத்தறாங்க. நல்லா சமைக்கறவங்க, இதையும் கண்டிப்பா சரி பண்ணணும். சம்பலோட பிஹெச்சையும் ஒரு லேப்ல குடுத்து பார்த்துட்டா நல்லது.

இப்போதைக்கு ரெண்டங் பேஸ்ட் வேணும்னா அன்னைக்கு செஞ்சதை கேட்டு வாங்குங்க, நேரா ஃபிரிட்ஜ்ல வெச்சு ரெண்டு மூணு நாள்ல சமைச்சிடுங்க. சம்பலையும் ஃபிரிட்ஜ்லயே வையுங்க. 200 கிராம் 240 ரூபா, அந்த சம்பலுக்கு தாராளமா குடுக்கலாம்.