வேலையிட அறம் பற்றி ஓர் இணைய வகுப்பு: வரலாறு அருமை, க்விஸ் மோசம்

சட்டம், அதிகாரம், அறம் மூன்றும் வேலையிடத்தில் எப்படி மோதிக்கொள்கின்றன என்பதை வரலாற்றோடு சேர்த்துச் சொல்லித்தரும் இணைய வகுப்பு ஒன்றை முடித்திருக்கிறேன். நடத்துபவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரி வகுப்புகள் பலவும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன, அதனால் வேறொன்றை வாங்க நினைப்பவர்களுக்கும் இது உதவும். நான் தரப் பரிசோதனையில் வேலை பார்க்கிறேன். சரக்கு வெளியே போகலாம் என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. போட மறுத்தால் அறைக்குள் என்ன மாதிரி அமைதி வரும் என்பதும் தெரியும். என் மதிப்பீடு அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரலாற்றுப் பாடங்கள் அருமை. ஆசிரியை தத்துவத்தில் தொடங்கவில்லை, கூலியில் தொடங்குகிறார். எகிப்தில் மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டு, ஏறக்குறைய கி.மு. 1157. அரசர்களின் கல்லறைகளைக் கட்டியவர்களுக்குச் சம்பளம் தானியமாக வரும். அது தாமதமானதும் வேலையைப் போட்டுவிட்டுக் கோயில்களின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வார்கள். அதைப் பதிவுசெய்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுவடி இன்று இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் பசி என்று மட்டும் முறையிடவில்லை, அரசரின் இடத்திலேயே முறைகேடு நடக்கிறது என்றும் சொன்னார்கள். பலர் விட்டுவிடும் இந்த இடத்தில் ஆசிரியை நின்று நிதானமாகப் பேசுகிறார்.

அடுத்து பிரிட்டனின் முதலாளி - வேலையாள் சட்டம். 1823ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப்போன தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி மீறினால்? வெறும் பணத் தகராறு. இந்த ஓரவஞ்சனை சட்டத்திலிருந்து போக 1875 ஆயிற்று. இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த படத்துக்குப் போகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

1911இல் நியூயார்க்கில் 146 பேரைக் கொன்ற டிரையாங்கிள் ஆடை ஆலைத் தீ விபத்தும் உண்டு. கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க முடியாததால் அவர்கள் விடுதலையானதையும், அதன்பிறகே தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வரிசையாக வந்ததையும் சுருக்கமாக, சரியாகச் சொல்கிறார்கள்.

சரி, குறைக்கு வருவோம். ஏழு பேரோடு வெடித்துச் சிதறிய அமெரிக்க விண்வெளி ஓடம் சேலஞ்சர் பற்றிய பாடம்.

1986 ஜனவரி 27 இரவு. ராக்கெட் பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தையகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். நாசா தரப்பு முகம் சுளித்தது. நிறுவனத்தின் மேலாளர்கள் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்துத் தங்களுக்குள் பேசினார்கள். பொறியியல் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் அவருடைய மேலதிகாரி. முடிவு மாறியது. ஏவுதளத்தில் இருந்த நிறுவனப் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதலில் கையெழுத்துப் போட மறுத்தார். தலைமையகத்திலிருந்து வேறொருவர் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். மறுநாள் 73 விநாடிகளில் ஏழு பேரும் போனார்கள்.

இதுவரை சொல்லிவிட்டு, 'மனசாட்சியின் வெற்றி' என்று தலைப்புப் போட்டுப் பின்னணி இசையோடு பாடத்தை முடிக்கிறார்கள். ஏழு உயிர் போன இடத்தில் என்ன வெற்றி? மீதிக் கதையையும் முழுங்கிவிட்டார்கள். விசாரணைக் குழுவின் முன் உண்மையைச் சொன்னதற்காக மெக்டொனால்டை நிறுவனம் பொறுப்பிலிருந்து இறக்கியது. அந்த நிறுவனத்துக்கு இனி ஒப்பந்தம் கிடையாது என்ற மிரட்டல் அமெரிக்க நாடாளுமன்றத்திலிருந்து வந்த பிறகே அவரை மீண்டும் மேலே கொண்டுவந்து, பூஸ்டரைத் திருத்தி வடிவமைக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். நாளைக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட மறுக்கப்போகிறவருக்கு அந்தப் பின்பாதிதான் வேண்டும். அவருடைய தைரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேலையைத் திரும்ப வாங்கிக்கொடுத்தது தைரியம் இல்லையே.

க்விஸ் இன்னும் மோசம். ஒரு கேள்வியை அப்படியே தருகிறேன்: 'சோதனை நடந்த தேதியை மாற்றி எழுதும்படி உங்கள் மேலதிகாரி சொல்கிறார். என்ன செய்வீர்கள்?' நான்கு விடைகள். மாற்றி எழுதுவேன், மறுத்துவிட்டு அமைதியாக இருப்பேன், சக ஊழியர்களிடம் பேசுவேன், உடனடி மேலதிகாரியிடம் புகார் செய்வேன். நான்காவதுதான் சரியாம்! தேதியை மாற்றச் சொன்னவரே அவர்தானே ஐயா. திருடன் கையிலேயே சாவியைக் கொடுக்கும் வேலை. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன், சிவப்புப் பெருக்கல் குறி வந்தது.

நான் எதிர்பார்த்த விடைகள் எதுவும் அங்கே இல்லை. உத்தரவை எழுத்தில் கேட்பது, அன்றைய தேதியோடு குறிப்பு எழுதி வைப்பது, நிறுவனத்துக்கு வெளியே எந்த அமைப்பிடம் போகலாம், போனால் சட்டம் என்ன பாதுகாப்புத் தரும் என்று முதலில் பார்ப்பது. வேடிக்கை என்னவென்றால் இதற்கான பாடம் அதே வகுப்பிலேயே இருக்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் ராணுவத்துக்கு மட்டமான சரக்கை விற்ற ஒப்பந்ததாரர்களைப் பிடிக்க 1863இல் அமெரிக்கா கொண்டுவந்த பொய்க் கோரிக்கைச் சட்டத்தைச் சொல்லித்தருகிறார்கள். ஏமாற்றை அம்பலப்படுத்தி வழக்குப் போடும் தனி மனிதருக்கு, மீட்ட பணத்தில் ஒரு பங்கு. 1986 திருத்தத்துக்குப் பிறகு அது பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை. க்விஸ் எழுதியவர் இந்தப் பாடத்தைப் பார்க்கவே இல்லை போல.

இன்னொன்று. நிறுவனங்கள் இப்படிப்பட்ட பயிற்சிகளை ஏன் மொத்தமாக வாங்குகின்றன என்பதைப் பற்றி மூச்சே இல்லை. 1998இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு பாலியல் தொல்லை வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. தடுக்கவும் திருத்தவும் நியாயமான ஏற்பாடு செய்திருந்தோம், ஊழியர்தான் அதைப் பயன்படுத்தவில்லை என்று காட்டினால், சில சூழல்களில் நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்பலாம் என்று அதில் வழி பிறந்தது. பயிற்சிச் சான்றிதழ் யாருக்குக் கேடயம் என்று யோசிக்க இது நல்ல பாடமாகியிருக்கும். தங்களைப் பற்றியே பேச வேண்டியிருக்குமே, விட்டுவிட்டார்கள்.

மற்றபடி ஒலி தெளிவு, வீடியோக்கள் அளவான நீளம், கைபேசியிலும் தடங்கலில்லாமல் ஓடுகிறது. 'தலைமைப் பண்பு' என்ற கடைசிப் பகுதியைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். தேதிக் கேள்வியைப் பற்றி அவர்களுக்கு எழுதினேன். 'உங்கள் கருத்தை மதிக்கிறோம்' என்று தானியங்கிப் பதில் வந்தது, கேள்வி அப்படியே இருக்கிறது. சொந்தமாக வாங்குபவர்கள் வரலாற்றுப் பகுதிக்காக வாங்கலாம். நிறுவனத்துக்காக வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் மாதிரி வீடியோவை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், க்விஸையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பாருங்கள்.