வானத்திலிருந்து வரும் ரத்தம்: ருவாண்டாவில் நான்கு ஆண்டுகள்

எங்கள் மருத்துவமனைக்கு ரத்தம் வானத்திலிருந்து வருகிறது என்று ஊரிலிருக்கும் அம்மாவிடம் சொன்னபோது, நான் கேலி செய்கிறேன் என்றுதான் நினைத்தார். மேற்கு ருவாண்டாவில் ஒரு மாவட்ட மருத்துவமனையின் ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்.

2016 அக்டோபரில் ஜிப்லைன் என்ற நிறுவனம் இந்நாட்டின் முஹாங்காவில் தொடங்கிய, ஆளில்லா விமானமான டிரோனில் ரத்தம் அனுப்பும் சேவை இது. கல்யாண வீடுகளில் படமெடுக்கும் டிரோன் அல்ல. இறக்கை விரித்த குட்டி விமானம், மின்கலத்தில் ஓடுவது. கவணிலிருந்து கல் பாய்வதுபோல் கிளம்பி, மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும். இங்கே இறங்காது. தாழப் பறந்து, காகிதப் பாராசூட் கட்டிய அட்டைப்பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

முதல் ஆண்டு முழுக்க அதன் வேகத்தைத்தான் வியந்துகொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்காகச் சொல்லி அனுப்பிய ரத்தம், அவரை அறுவை அரங்குக்கு மாற்றி முடிப்பதற்குள் அவரைக்காய்ச் செடிகளுக்கு நடுவே ‘தொப்’பென்று விழுந்தது. ஓடிப்போய் எடுத்தேன். பாராசூட் நனைந்திருந்தது, உள்ளே பைகள் சில்லென்று இருந்தன. மலைப்பாதையில் வண்டி போய்த் திரும்ப அரை நாள் ஆகும்.

இப்போது கேட்டால் வேகத்தை இரண்டாவதாகத்தான் சொல்வேன். முன்பெல்லாம் எதற்கும் இருக்கட்டும் என்று அரிய வகை ரத்தத்தையும் வாங்கி அடுக்குவார்களாம். காலாவதியானதும் குப்பைக்குப் போகும். யாரோ கை நீட்டிக் கொடுத்த ரத்தம் அது! ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் ஆயுளோ ஐந்தே நாள். கேட்டவுடன் வரும் என்ற நம்பிக்கை வந்தபின் யாரும் பதுக்குவதில்லை. டிரோன் வந்தபின் மருத்துவமனைகளில் காலாவதியாகும் ரத்தம் 67 சதவீதம் குறைந்ததாக 2022இல் லான்செட் குளோபல் ஹெல்த் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. எங்கள் குளிர்பெட்டியைப் பார்த்த எனக்கு அதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கையே ஒருமுறை எங்கள் காலை வாரியது. ஏப்ரல் மாதம், இடியும் மின்னலுமாக மழை. கையிருப்பை ஏறக்குறைய துடைத்து வைத்திருந்தோம். விமானம் கிளம்ப வழியில்லை, ஆம்புலன்ஸை அனுப்பினோம். நோயாளி பிழைத்தார், ஆனால் அந்த மாலையை மறக்க மாட்டேன். அன்றிலிருந்து, அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகடிவ் இரண்டு பை எப்போதும் இருக்கும். ஒரு நடைக்கு 1.75 கிலோதான் என்பதால், நிறைய ரத்தம் வேண்டியபோது நாலைந்து முறை வானத்தைப் பார்த்து நிற்கவும் வேண்டும்.

அட்டைப்பெட்டிகள்தான் மலையாய்க் குவிகின்றன. காவலாளி சிலவற்றில் தக்காளி நாற்று வைத்திருக்கிறார். பாராசூட் காகிதத்துக்குப் பிள்ளைகளிடையே அடிதடி.