'எட்டு சனல்' என்றால் உடனே மாடல் இலக்கத்தைக் கேளுங்கள்

கொழும்பில் பாவித்த சேர்வர் தேடுகிறவர்கள் காசைக் கட்டமுதல் இதை ஒருக்கா வாசித்துவிடுங்கள்.

வெள்ளவத்தையில் கட்டடப் பொறியியலாளர்கள் சிலருக்குக் கணிப்பு வேலை செய்ய ஒரு சேர்வர் தேவைப்பட்டது. பைனைட் எலிமென்ட் (கட்டடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் பலம் பார்க்கும்) கணக்குக்கு கோர் மட்டும் காணாது, மெமரியிலிருந்து தரவு வேகமாக வரவேண்டும். காலி வீதிப் பக்கம் ஒரு கடைக்காரர் கொட்டேசன் தந்தார்: "ஏஎம்டி எபிக், 16 கோர், 8 சனல் மெமரி, 128 ஜிபி". எபிக் என்பது ஏஎம்டியின் சேர்வர் புரொசஸர்; சனல் என்றால் மெமரிக்கும் புரொசஸருக்கும் இடையிலான பாதை. மாடல் இலக்கம் இல்லை. நானும் கேட்கவில்லை. மனதுக்குள் எபிக் 7302 மாடல் என்று நானே முடிவு கட்டியதுதான் என் மடைத்தனம்.

கொண்டுவந்து ஓட்டினால் நத்தை வேகம். டிமிடிகோட் (உள்ளே இருக்கும் பாகங்களைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தேன், 64 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டு மட்டும். எட்டு சனலில் ஆறு வெறும். டிடிஆர்4-3200 வகை ரேமில் ஒரு சனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டுக்கு 51.2. அதுவும் காகிதத்தில். மெமரி வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் சோதனையில் எனக்குக் கிடைத்தது 40 சொச்சம்.

திரும்பப் போய்ச் சண்டை பிடித்து, மேலதிகக் காசும் கொடுத்து, 16 ஜிபி ஸ்டிக் எட்டாக மாற்றிக்கொண்டு வந்தேன். எட்டு சனலுக்கும் 204.8 என்ற கணக்கில் ஒரு 150 ஆவது வரும் என்று நம்பினேன். 76இல் நின்றுவிட்டது.

பிறகுதான் புரொசஸரின் பெயரைக் கண் திறந்து பார்த்தேன்: 7282.

இதுவும் 16 கோர்தான், எட்டு சனலிலும் ரேம் ஏறும். ஆனால் உள்ளே கோர்கள் இருக்கிற சிறு சிப்புத் துண்டு, அதாவது சிப்லெட், இரண்டுதான் (7302இல் நாலு). சமையல்கட்டில் எட்டு அண்டா இருந்தும் பந்தியில் பரிமாற இரண்டே பேர் நிற்கிற கதை. ஏஎம்டியே இதன் மெமரி வேகத்தை 85.3 என்றுதான் போட்டிருக்கிறது. புரொசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான சிறு மெமரியான எல்3 காஷும் 128 எம்பி இல்லை, 64. 2019இல் வந்தபோது அறிவித்த விலை 650 டொலர், 7302க்கு 978. நான் கொடுத்தது எதன் விலை என்று விளங்கியிருக்கும்.

இன்னும் வயிறு எரிவது, 85.3க்கு மேல் போகாத இந்தச் சிப்புக்கு 32 ஜிபி ஸ்டிக் நாலை சரியான ஸ்லொட்டில் போட்டிருந்தாலே காணும். எட்டுக்காகக் கட்டிய மேலதிகக் காசு கடலில் கரைத்த பெருங்காயம்.

சிப்பைக் குறை சொல்ல மாட்டேன். 120 வாட்ஸ், விலை குறைவு. இணையத்தளம், மெயில், கோப்புச் சேமிப்பு என்றால் நானே வாங்குவேன். இப்போது என்னிடமுள்ளது அந்த வேலைக்குத்தான் போயிருக்கிறது, நட்டத்துக்கு.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எட்டு சனல்தானே தம்பி இருக்குது, நான் பொய் சொன்னனானே?" என்றார். "அண்ணை, பொய் சொல்லேல்ல, இலக்கத்தைத்தான் சொல்லேல்ல" என்றேன். பில்லிலும் இலக்கம் இல்லாததால் சிப்பைத் திருப்பி எடுக்கவில்லை.

அதனால் கொட்டேசனில் முழு மாடல் இலக்கமும், எத்தனை ஸ்டிக், ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி என்பதும் எழுத்தில் வரட்டும். கடையிலேயே எல்எஸ்சிபியு (புரொசஸர் விபரம் காட்டும் லினக்ஸ் கட்டளை) ஓட்டி எல்3 அளவைப் பாருங்கள்; அரை நிமிடம் போதும்.

போன கிழமை அதே ஆள் வாட்ஸ்அப்பில் புதுச் சரக்கென்று அனுப்பியிருந்தார்: "எபிக், 16 கோர், 8 சனல்". மாடல் இலக்கம் என்னவென்று கேட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது, பதிலைக் காணவில்லை.