முறிந்த போல்ட்டை எடுக்க: சூடா, ஈசி அவுட்டா, வெல்டிங்கா?

கிணற்று மோட்டாரில் தண்ணீர் கசிகிறது, சீல் மாற்றினால் போதும் என்று ஸ்பனரை எடுக்கிறோம். மூன்று போல்ட்டுகள் ஒழுங்காகக் கழன்று வருகின்றன. நான்காவது சட்டென்று முறிந்து, தலை மட்டும் கையோடு வருகிறது. ஒரு மணி நேர வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. மட்டக்களப்பின் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்கு இது புதினமல்ல. உப்புக்காற்றில் கறள் அவ்வளவு வேகமாக ஏறும்.

முதலில் எல்லோரும் தேடுவது எண்ணெய். டபிள்யூடி-40 நல்ல சாமான்தான். ஆனால் 1953இல் அதை உருவாக்கியது ஈரத்தை விரட்டி உலோகத்தைக் காப்பதற்காக. இறுகிய மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே வரும் எண்ணெய்கள் வேறு. எதுவானாலும் இரவு முழுக்க ஊறவிட்டு, இடையிடையே சுத்தியலால் தட்ட வேண்டும். தலை இருக்கும்வரை இதற்கு நிகரான மலிவான வழி இல்லை. தலை போனபின் பிடித்துத் திருப்ப ஒன்றுமில்லை. எண்ணெய் துணைக்கு மட்டும்தான்.

சூடு அலுமினிய உடலில் நன்றாக வேலை செய்யும். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால் துளை அகன்று பிடி தளரும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது; ஏறத்தாழ 660 பாகை செல்சியஸில் அப்படியே உருகி ஒழுகிவிடும். எண்ணெய் ஊற்றிய இடத்தில் உடனே நெருப்பைக் காட்டுவதும் வேண்டாம்.

ஈசி அவுட்டை எனக்குப் பிடிக்காது. போல்ட்டின் நடுவில் துளையிட்டு, இடப்புறம் சுழலும் கூம்பு மரையை அதற்குள் இறுக்கித் திருப்புவது அதன் முறை. முழுத்தலையில் ஸ்பனர் போட்டபோதே முறிந்த போல்ட், அதைவிட மெலிந்த ஒரு கம்பிக்கு இணங்கி வருமா? வராது, ஈசி அவுட்தான் உள்ளே முறியும். அது கடினப்படுத்திய எஃகு. சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டு கத்தும், ஒரு சுருள்கூட எழாது. அளவுக்கு மீறி இறுக்கியதால் முறிந்த, கறள் படாத போல்ட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

என் வாக்கு வெல்டிங்குக்கே. முறிந்த கட்டையின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள்ளால் நிரப்பிப் பற்றவைக்க வேண்டும். பிடிக்க ஒரு தலையும் கிடைக்கிறது, சூடு போல்ட்டின் நடுவுக்கே இறங்குகிறது. சிவப்பு மங்கியதும் ஸ்பனரைப் போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால், ‘கிறீச்’ என்று ஒரு சத்தம்; அதன்பின் வந்துவிடும். முதல் நட் பிய்ந்துபோனால் இன்னொன்று. உடல் அலுமினியமென்றால் இரும்பு வெல்டிங் அதில் ஒட்டாது என்பது கூடுதல் வசதி. வார்ப்பிரும்பில் ஒட்டக்கூடும், நட்டுக்கு அடியில் ஒரு வாஷர் வைப்பது நல்லது. நாகம் (துத்தநாகம்) பூசிய நட் வேண்டாம், அதன் வெள்ளைப் புகை காய்ச்சலைத் தரும். எர்த் கவ்வியை உடலிலேயே, போல்ட்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்; மின்னோட்டம் பேரிங் வழியே போனால் அடுத்த செலவு அதற்குத்தான். வீட்டில் வெல்டிங் மெஷின் இல்லாதவர்கள் கழற்றிய பாகத்தை மட்டும் கராஜுக்குக் கொண்டுபோகலாம்.

எதுவும் சரிவராவிட்டால் துளைத்தே எடுக்க வேண்டும். எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டுக்கு 6.8 மில்லிமீட்டர் பிட். நடு தப்பினால் பிட் மென்மையான அலுமினியத்துக்குள் சரிந்துவிடும், ஆகவே நடுவில் குழி பதிக்கும் சென்டர் பஞ்ச் அடிக்காமல் தொடங்கக்கூடாது. மரை போய்விட்டால், சுவர் தடிப்பாக இருக்கிறதா என்று பார்த்து 8.5 துளையிட்டு எம்10 மரை வெட்டலாம். மெல்லிய சுவரென்றால் லேத் கடைக்குத்தான் போக வேண்டும்.