பழகிய இடமா, புது இடமா?

விடுமுறைக்கு வருடாவருடம் போகும் ஊர் களையிழந்து வருகிறது. மறுபடி அங்கேயே போவதா, வேறு இடம் தேடுவதா?

பழைய இடத்தில் எதையும் தேட வேண்டியதில்லை. எந்த அறையில் காற்று வரும், கடற்கரை எப்போது காலியாக இருக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. இறங்கிய அன்றே ஓய்வு தொடங்கிவிடும். புது இடத்தில் முதல் இரண்டு நாள் வழி கேட்பதிலேயே போகும், ஆனால் "முன்னெல்லாம் இப்படியா இருந்தது?" என்று புலம்ப எதுவும் இருக்காது. பழைய இடத்தில் அந்தப் புலம்பலே பாதி விடுமுறையைத் தின்றுவிடுகிறது.

சரிவு நிரந்தரமா என்பதையும் பார்க்க வேண்டும். சுற்றுலாத் தலங்கள் வளர்ந்து, தேங்கி, பிறகு சரியலாம் அல்லது புத்துயிர் பெறலாம் என்று 1980-இல் ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் விளக்கினார். தாய்லாந்தில் சுற்றுலாக் கூட்டத்தால் பாழான மாயா விரிகுடாவை 2018-இல் மூடி, பவளப்பாறைகள் தேற அவகாசம் கொடுத்து, 2022-இல் திறந்தார்கள். கூட்டமும் குப்பையும்தான் குறை என்றால் மீள வழியுண்டு. கடலோரம் முழுக்கக் கட்டடம் எழும்பிவிட்டால் கஷ்டம்தான்.

என் தேர்வு: இரண்டு வருடம் வேறு இடம், அப்புறம் சீசன் இல்லாத மாதத்தில் பழைய இடத்துக்கு ஒரு நடை. பிள்ளைகள் அங்கேதான் போக வேண்டும் என்று அடம்பிடித்தால், இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.